வாயை மறைத்துப் படித்தவள்

மூன்றாவது திங்கட்கிழமைதான் ரிஹாப் அதைக் கவனித்தாள். படப்புத்தகம் படித்துக் காட்ட வரும் இஃப்திகார் எப்போதும் புத்தகத்தை மடியில் சாய்த்து, படங்களைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் படிப்பாள். அன்றைக்கு நடுக்கதையில் புத்தகத்தைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள். அட்டைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கூடத்து மெத்தையில் உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை அந்தக் கண்கள் பார்க்கவே இல்லை. ரிஹாபின் மகள் சுந்துஸை மட்டும் பார்த்தன.

மழைக்கு ஒதுங்க முள்ளெலியின் வீட்டுக் கதவைத் தட்டும் மிருகங்களின் கதை அது. படிப்பவள் சத்தம் கொடுக்க வேண்டும், வந்திருப்பது யார் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஆடு கத்தியது. நான்கு பிள்ளைகள் பதில் சொன்னார்கள். சுந்துஸ் கொஞ்சம் பிந்தி, அவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாள். இஃப்திகார் பக்கத்திலிருந்த சின்ன நோட்டை எடுத்து அதில் ஏதோ எழுதினாள்.

அடுக்களை வாசலில் நின்று முலூக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரிஹாபின் கை நின்றுவிட்டது. கதை சொல்ல வந்தவளுக்கு நோட்டு எதற்கு?

ஸர்கா நகரில், பழைய அகதி முகாமுக்குப் போகும் தெருவில், மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. கணவன் மாஸின் அகபா துறைமுகத்துக்குப் பாஸ்பேட் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் ரிஹாபும் நாலு வயது சுந்துஸும்தான். சுந்துஸ் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிடிவாதம் என்று ரிஹாப் நினைத்தாள். மாஸினின் அக்கா ஃபத்வா நினைத்ததோடு நிற்கவில்லை, பெருநாள் விருந்தில் நாலு பேர் முன்னால் சொல்லியும் காட்டினாள்.

"உன் பொண்ணு மகாராணி ரிஹாப். பத்து தடவை கூப்பிட்டாதான் தலையைத் திருப்புவா. நீ வளர்த்த வளர்ப்பு அப்படி."

இந்த ஃபத்வா வேலை பார்க்கும் பெண்கள் சங்கத்திலிருந்துதான் புத்தகக்காரிகளை வீடுவீடாக அனுப்புகிறார்கள். ஒரு கட்டடத்தில் ஒரு வீடு, அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளெல்லாம் அங்கே கூட வேண்டும். படப்புத்தகம் பார்த்து வளரும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் திணறாது என்று கீழ்வீட்டு உம்மு நிதாலிடம், அதாவது நிதாலின் அம்மாவிடம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடம் பெரிது என்பதால் ரிஹாபின் வீட்டைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார்கள். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தக் கட்டடத்தில் எல்லாக் கூடமும் ஒரே அளவுதான்.

நாலாவது திங்கட்கிழமை ரிஹாப் கீரையை மேலுக்கு வைத்துக்கொண்டாளே தவிர ஒரு இலையைக்கூட ஆயவில்லை. இஃப்திகார் முப்பது வயதுக்காரி, ஒல்லி, பேச்சு மெதுவாக வரும். வந்ததும் பிள்ளைகளின் இடத்தை மாற்றினாள். போன வாரம்வரை நடுவில் உட்கார்ந்த சுந்துஸைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, படம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று சொல்லி இடப்பக்கம் மாற்றினாள். படம் எந்தப் பக்கத்திலிருந்தும் நன்றாகவே தெரிந்தது. பிறகு எழுந்து தண்ணீர் கேட்டாள். திரும்பி வரும்போது சுந்துஸின் முதுகுக்குப் பின்னால் அவள் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் அது மறுபடியும் விழுந்தது, இந்த முறை இன்னொரு பக்கம். அவ்வளவு கை நடுங்குகிறவளாக அவள் தெரியவில்லை.

அந்த நேரம் தெருவில் கேஸ் சிலிண்டர் லாரி தன் பாட்டை ஒலித்துக்கொண்டு போனது. நான்கு பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு சன்னலுக்கு ஓடினார்கள். சுந்துஸ் படத்திலிருந்த முள்ளெலியின் மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஃப்திகார் சன்னலைப் பார்த்தாள், சுந்துஸைப் பார்த்தாள், எழுதினாள். நம் வீட்டில் சிலிண்டர் இருக்கிறதா இல்லையா என்பதையுமா எழுதுகிறாள் என்று ரிஹாபுக்குத் தோன்றியது.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேள்விகள் கேட்டாள். சுந்துஸுக்குக் கைக்குழந்தையில் காய்ச்சல் ஏதும் வந்ததா? அடிக்கடி சளி பிடிக்குமா? தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கச் சொல்வாளா? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாளா? ரிஹாப் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லி வைத்தாள். அதில் பாதி பொய். என் பிள்ளை எப்படித் தூங்கினால் இவளுக்கு என்ன?

அன்று மாலை மாஸின் தொலைபேசியில் பேசியபோது சொன்னாள். அவன் வழியில் தேநீர்க்கடையில் இருந்தான். புத்தகக்காரி புத்தகம் படிக்கிறாள், இதில் என்ன இருக்கிறது என்று சிரித்தான். உங்கள் அக்கா அனுப்பிய ஆள் என்று ரிஹாப் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது. அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனுக்கு லாரி கிளம்பும் நேரம் வந்துவிடும்.

உம்மு நிதாலிடம் சொன்னபோது அவள் எண்ணெய் ஊற்றினாள். போன வருடம் எதிர்க் கட்டடத்துக்கு இப்படித்தான் ஒருத்தி நோட்டோடு வந்தாள், உட்கார்ந்து காபி குடித்தாள், பிள்ளைகளைக் கொஞ்சினாள். அவள் போன ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த உதவிப் பொருள் நின்றுபோனது. "நோட்டைக் கொண்டு வர்றவ நல்லதுக்கு வரமாட்டா. நான் ஏன் வாயைத் திறக்கணும், என் பிள்ளைங்களை அவ எழுதலையே" என்றாள் உம்மு நிதால்.

ஐந்தாவது வாரம் நடந்ததுதான் ரிஹாபின் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றைய புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பையன் ஒளிந்துகொண்டிருக்கிறான், மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. எழுத்தே இல்லை. இவன் ஏன் ஒளிந்திருக்கிறான் என்று இஃப்திகார் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாள். உம்மு நிதாலின் மகன், இனிப்பைத் திருடிவிட்டான் என்றான். மாடிவீட்டு இரட்டைப் பெண்களில் ஒருத்தி, பூனையைத் தேடுகிறான் என்றாள். இஃப்திகார் சுந்துஸின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து திறந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா அடிக்கும்" என்றாள் சுந்துஸ். அவள் சொன்னதில் இவ்வளவு தெளிவாக வந்த சொற்கள் அந்த மாதத்தில் வேறு இல்லை.

பென்சில் நகர்ந்தது. அடுக்களை வாசலில் நின்ற ரிஹாப் அதைப் பார்த்தாள். அடித்தது உண்மை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகு, வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எரிச்சல் வந்து, முதுகில் இரண்டு வைத்திருக்கிறாள். எந்த அம்மாதான் வைக்கவில்லை? ஆனால் எந்த அம்மாவுடையது நோட்டில் ஏறியது? அந்த நோட்டு சங்கத்துக்குப் போகும், அங்கே ஃபத்வா எடுத்துப் படிப்பாள், அடுத்த விருந்தில் குடும்பமே பேசும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பிள்ளையை இவளிடம் விடாதே என்று யாராவது மாஸினிடம் சொன்னால்?

ஆறாவது திங்கட்கிழமை அவள் மற்ற பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இஃப்திகார் துணிப்பையோடு வந்து, வெறும் கூடத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். சுந்துஸ் மட்டும் ஓடிவந்து பைக்குள் கையை விட்டு முள்ளெலிப் புத்தகத்தை இழுத்து எடுத்துக்கொண்டாள்.

"அந்த நோட்டைக் குடுங்க" என்றாள் ரிஹாப்.

"உம்மு சுந்துஸ், அது சங்கத்துக்குக் காட்டுறதுக்கு இல்ல. நான் எனக்காக வெச்சிருக்கேன்."

"என் பிள்ளையை உனக்காக எழுதுறியா? என்ன எழுதியிருக்கே? சொல்லு."

இஃப்திகார் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சுந்துஸைப் பார்த்தாள், வாசல் கதவைப் பார்த்தாள். "சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல. இன்னும் ரெண்டு மூணு வாரம் குடுங்க. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சதும் நானே வந்து..."

அனுமதி என்ற ஒரு சொல் போதும் ரிஹாபுக்கு. பையின் ஓரத்தில் தெரிந்த நோட்டைப் பிடுங்கினாள். மகளின் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியை அவள் கையில் திணித்தாள். ஃபத்வாவிடம் போய்ச் சொல், இந்த வீட்டுப் படி ஏறினால் கால் இருக்காது என்றாள். இஃப்திகார் நோட்டைப் பைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது ஒருமுறை நின்றாள், திரும்பி ஏதோ சொல்லப்போவதுபோல் இருந்தது, சொல்லாமலே போய்விட்டாள்.

கோபம் ஆறுவதற்குள் ரிஹாப் சங்கத்துத் தலைவியைத் தொலைபேசியில் பிடித்தாள். உங்கள் ஆள் வீட்டுக்குள் புகுந்து வேவு பார்க்கிறாள், பிள்ளையின் வாயைப் பிடுங்கிக் குடும்ப விஷயம் கேட்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். தலைவி பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இனி அந்தப் பெண் வரமாட்டாள் என்று உறுதி சொன்னாள்.

அதன் பிறகுதான் ரிஹாப் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். மாஸினுக்குக் காட்ட ஆதாரம் வேண்டும் அல்லவா. பொடி எழுத்தில் வரிவரியாக இருந்தது.

'சுந்துஸ். மூன்றாம் வாரம்: என் முகம் தெரிந்தால் பதில் சொல்கிறாள். வாயை மறைத்தால் இல்லை. ஆடு இல்லை, சேவல் இல்லை, கழுதை மட்டும். நான்காம் வாரம்: கேஸ் லாரிக்குத் திரும்பவில்லை. சாவி வலப்பக்கம், லேசாக அசைந்தாள். இடப்பக்கம் அசைவே இல்லை. ஐந்தாம் வாரம்: அம்மா அடிப்பதாகச் சொல்கிறாள். கூப்பிடுவது காதில் விழாமல் இருப்பதால் இருக்கலாம். அம்மா ஓயாமல் வேலை செய்கிறாள், பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்கிறாள், கண் எடுக்காமல் பார்க்கிறாள். எப்படிச் சொல்வது?'

ரிஹாப் இரண்டாம் முறை படித்தாள். இதுவும் ஏமாற்று என்றுதான் முதலில் நினைத்தாள். பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று முத்திரை குத்தி எங்காவது தள்ளிவிட ஃபத்வா போட்ட வழி. நாலு வருடமாகப் பெற்றவளுக்குத் தெரியாதது, ஆறு திங்கட்கிழமையில் இவளுக்குத் தெரிந்துவிட்டதா? பொய் என்று காட்டிவிட்டால் தீர்ந்தது.

சுந்துஸ் மெத்தையில் முள்ளெலிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அவசரத்தில் அது இங்கேயே தங்கிவிட்டிருந்தது. ரிஹாப் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கினாள். முதலில் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஆடு எங்கே என்று கேட்டாள். சின்ன விரல் சரியாகப் போய் ஆட்டின் மேல் நின்றது. பார்த்தாயா என்று மனதுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டாள். பிறகு பக்கத்தை மகள் பக்கமே திருப்பி வைத்து, புத்தகத்தை மூக்குவரை தூக்கினாள். அதே குரலில், சேவல் எங்கே என்று கேட்டாள்.

விரல் அசையவில்லை. மறுபடியும் கேட்டாள். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். சுந்துஸ் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் எதுவும் அந்த முகத்தில் இல்லை, காத்திருந்தாள், அவ்வளவுதான். பிறகு முன்னால் சாய்ந்து, புத்தகத்தின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்து, அம்மாவின் வாயைத் தேடினாள்.

ரிஹாப் நான்காம் முறை கேட்கவில்லை. 

மாஸின் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மகளைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றாள். அங்கேயும் சந்தேகத்தோடுதான் நின்றாள், டாக்டர் அவசரப்படுகிறாரா, ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று. காது டாக்டர் நடுவயதுக்காரர், நிதானமாகவே பார்த்தார். இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் கோந்துபோல் நீர் கட்டியிருக்கிறது, இடப்பக்கம் மோசம் என்றார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது. ஒன்றரை, இரண்டு வருடமாகவாவது பிள்ளை தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல்தான் நம் பேச்சைக் கேட்டிருக்கும். சதையை எடுத்துவிட்டு, காதில் பொடிக் குழாய் வைத்தால் சரியாகும்.

"நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கம்மா. இன்னும் ரெண்டு வருசம் போயிருந்தா பேச்சு ரொம்பப் பின்தங்கியிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரிஹாப் தலைமுக்காட்டைச் சரிசெய்தாள்.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மாதம் கழித்து நாள் கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் அவள் மகளைப் பின்னாலிருந்து ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. எதிரில் போய் முழங்காலிட்டுத்தான் பேசினாள். அடித்த ஒவ்வொரு அடியும் நினைவுக்கு வந்தது, எந்த இடம், என்ன நேரம் என்பதுவரை. மாஸின் விடுப்பெடுத்து வந்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதான். ரிஹாபுக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்சி ஒரு திருப்பத்தில் நின்றது. முன்பக்கம் விளக்கு மினுங்கிக்கொண்டே டிக் டிக் என்றது. மயக்கம் தெளிந்து மடியில் கிடந்த சுந்துஸ் தலையைத் தூக்கி, "என்னம்மா அது?" என்று கேட்டாள். ஓட்டுநர் எது என்று புரியாமல் திரும்பிப் பார்த்தார். அப்போது ரிஹாப் அழுதாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் சங்கத்துக்குப் போனாள். இஃப்திகாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ஃபத்வாவே சொன்னாள். இந்த விஷயத்தில் ஃபத்வாவுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. எந்த வீட்டுக்கு யார் போகிறார்கள் என்ற பட்டியலைக்கூட அவள் பார்த்ததில்லை. "எங்கிட்ட கேட்டிருந்தா அவளை நான் அனுப்பலைன்னு சொல்லியிருப்பேனே" என்றாள். அதை ரிஹாப் நம்பவில்லை என்றாலும் தகராறு செய்யவில்லை. முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பக்கத்து ஊரான ருஸைஃபாவில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடி அது. கதவு சங்கிலி நீளத்துக்குத்தான் திறந்தது. இடுக்கில் இஃப்திகாரின் ஒரு கண் தெரிந்தது. ரிஹாப் இத்தனை நாளும் அவளைப் பார்த்த பார்வையை அவள் இப்போது ரிஹாப்மீது வைத்திருந்தாள்.

"சண்டைக்கு வந்திருந்தா கொஞ்சம் மெதுவாப் போடுங்க. எங்க அக்கா ராத்திரி வேலை பார்த்துட்டுத் தூங்குறா."

"சண்டைக்கு வரல. சுந்துஸுக்குக் காதுல குழாய் வெச்சாச்சு."

சங்கிலி உடனே கழலவில்லை. இவள் கைகளில் என்ன இருக்கிறது, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கழன்றது.

உள்ளே வாசனைக்கு மரமிய்யா இலை போட்ட தேநீர் வந்தது. இஃப்திகார் தன் பக்கத்தைச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு வீட்டில், உங்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று ஒரு தாயிடம் கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளைக்குக் கூச்சம், அவ்வளவுதான், காது நன்றாகவே இருந்தது. அந்தத் தகப்பன் சங்கத்து வாசலில் வந்து கத்தினான். அதற்குப் பிறகுதான், படிக்கப் போகிறவள் படித்துவிட்டு வர வேண்டும், வேறு எதையும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதனால்தான் இந்த முறை நிச்சயமாகத் தெரியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தாள். ஒரு பிள்ளையின் விஷயத்தில் தான் அப்படிக் கணக்குப் பார்த்துக் காத்திருந்தது சரியா என்று தினமும் யோசிப்பதாகவும் சொன்னாள்.

"மூணாவது வாரமே நான் சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க, உம்மு சுந்துஸ்? உண்மையைச் சொல்லுங்க."

ரிஹாப் தேநீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "மூணாவது வாரமே துரத்தியிருப்பேன்" என்றாள்.

இருவரும் சேர்ந்து சங்கத்துத் தலைவியைப் போய்ப் பார்த்தார்கள். ரிஹாப் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தாள், டாக்டரின் சீட்டைக் காட்டினாள். தலைவி நல்ல விதமாகத்தான் பேசினாள், ஆனால் உத்தரவு உத்தரவுதான் என்றாள். இஃப்திகாருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கட்டடத்துப் பெண்கள் ஐந்து பேர் பழைய புத்தகச் சந்தையிலிருந்து படப்புத்தகங்கள் வாங்கிச் சேர்த்து, சங்கம் இல்லாமலேயே அவளை வரச் சொன்னார்கள். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். தனக்கு ஏதாவது தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுவாள், தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும், சண்டைக்கு வரக் கூடாது. உம்மு நிதால், எதையும் நோட்டில் எழுதக் கூடாது என்று பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். இரண்டும் ஏற்கப்பட்டன.

சுந்துஸுக்குச் சொற்களெல்லாம் உடனே வந்துவிடவில்லை. முதலில் சத்தங்கள் வந்தன, பிறகு புத்தகத்திலிருந்த பெயர்கள், ஒரு குளிர்காலம் கழிந்த பிறகுதான் நீளமான வாக்கியங்கள். வந்த பிறகு நிற்கவில்லை. அடுத்த பெருநாளைக்கு ஃபத்வா விருந்துக்கு வந்தாள். அடுக்களையில் ரிஹாபும் மாஸினும் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுச் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தபோது, சுந்துஸ் அத்தையின் மடியில் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் விழுங்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அத்தை, நீ எப்ப கிளம்புவேன்னு அம்மா கேட்டா. சாப்பிட்டதும் போயிடுவான்னு அப்பா சொன்னார்."

ஃபத்வா கறித்துண்டை வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டாள்.